சொட்டையும் அகலும் வகிடும்: எதைப் பார்ப்பது, எதைத் தடவுவது, எவ்வளவு காலம்

தலையணையிலும் குளியலறை ஜாலியிலும் கிடக்கும் முடியை எண்ணிப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. வாரம் இரண்டு முறை தலைக்கு ஊற்றுகிறவர்களுக்கு மூன்று நாள் கணக்கு ஒரே நாளில் சேர்ந்து வந்து கைநிறையத் தெரியும். பரம்பரை வழுக்கை பெரும்பாலும் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. அதில் முடி கொட்டுவதைவிட மெலிவதுதான் நடக்கிறது. விழுந்த இடத்தில் அடுத்து முளைப்பது முன்னதைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, கொஞ்சம் குட்டையாக, நிறம் வெளிறி வரும். அதற்கடுத்தது இன்னும் மெல்லிசு. சில சுற்றுகள் போனால் அங்கே பூனைமுடிதான் மிஞ்சும். அதனால் உதிர்வதை எண்ணுவதை விட்டுவிட்டு மெலிவதைப் பாருங்கள்.

இதன் பின்னால் இருப்பது டி.எச்.டி. என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோனை ‘5 ஆல்ஃபா ரிடக்டேஸ்’ என்ற நொதி டி.எச்.டி.யாக மாற்றுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகள் அதற்குப் பரம்பரையாகவே மசிந்துகொடுக்கும். பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ளவை அவ்வளவாக அசையாது. முழுச் சொட்டை விழுந்தவருக்கும் பின்னால் ஒரு வளையம் நிற்பது இதனால்தான். ஒரு முடி 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, 2, 3 வாரத்தில் ஓய்வுக்குத் தயாராகி, சுமார் 3 மாதம் சும்மா இருந்து விழும். டி.எச்.டி. அந்த வளரும் காலத்தைக் குறுக்கிவிடுகிறது. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே எழுதிவிட்டார். பெண்களில் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும், வேர்தான் மசிகிறது.

‘தாய்மாமன் தலையைப் பாரு, உன் தலை தெரியும்’ என்பது பாதி உண்மை. ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு அது தாயிடமிருந்துதான் வருகிறது. ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்து வேலை செய்வதால் அப்பன் வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹெல்மெட், ஏசி, தண்ணீர், தொப்பி எதுவும் இந்த வழுக்கையைத் தருவதில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

காலை வெளிச்சத்தில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ நில்லுங்கள். எண்ணெய் இல்லாத, காய்ந்த தலையாக இருக்கட்டும். நேர்வகிடு எடுத்து, மேலிருந்து ஒன்று, நெற்றிக்கு நேராக ஒன்று, உச்சிச் சுழியில் ஒன்று என மூன்று படம் எடுத்துவையுங்கள். அடுத்த படம் மூன்று மாதம் கழித்து, அதே இடம், அதே நேரம், அதே நீளத்தில். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு முன்னேற்றமும் தெரியாது, பின்னடைவும் தெரியாது. டியூப்லைட்டுக்கு அடியில் ஈரத்தலையோடு எடுத்த படம் யாரையும் சொட்டையாகத்தான் காட்டும்.

பிறகு உச்சியிலிருந்து ஒரு சின்னக் கற்றையை விரலில் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். பிடரிப் பக்கம் ஒரு கற்றையையும் அப்படியே பாருங்கள். பிடரியில் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருந்து, உச்சியில் தடித்ததும் நூல்போல மெல்லியதும் கலந்து கிடந்தால், பரம்பரை வழுக்கை தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் தேடுவதும் இதே கலப்படத்தைத்தான்.

ஆண்களுக்கு ஏறுநெற்றியும் உச்சியும் குறையும். ஹாமில்டன் வகுத்ததை நார்வுட் 1975-ல் விரித்து ஏழு நிலையாக்கினார். பெண்களுக்கு நெற்றி வரம்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும், வகிடு மட்டும் முன்பக்கம் அகலமாகிக்கொண்டே போகும். இதற்கு லுட்விக் 1977-ல் சொன்ன மூன்று நிலைகள். முழு வழுக்கை பெண்களுக்கு அபூர்வம். வகிட்டைவிட முன்னாலேயே சேதி சொல்வது ஜடை. ரப்பர் பேண்டை இரண்டு சுற்று போட்டவர் மூன்று சுற்று போடத் தொடங்கியிருந்தால் கவனியுங்கள்.

இது அதுதானா?

இங்கே பிசகினால் மருந்தும் காசும் வீண். டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, கண்மூடித்தனமான டயட், இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். தலை முழுக்கச் சமமாகக் கொட்டும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும். ஆடியில் காய்ச்சல் வந்ததை மறந்துவிட்டு ஐப்பசியில் ஷாம்பூவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் உள்ளே மறைந்திருந்த பரம்பரை மெலிவை இந்தக் கொட்டல் வெளியே கொண்டுவந்து காட்டிவிடுவதும் உண்டு. ஆறு மாதம் தாண்டியும் வகிடு பழையபடி மூடவில்லையென்றால் இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

காசளவு வட்டமாக வழுவழுவென்று போனால் அது புழுவெட்டு. குழந்தைக்குச் செதில் செதிலாக உதிர்ந்து முடி ஒடிந்தால் படர்தாமரை. நெற்றியோரமும் காதோரமும் மட்டும் போனால் இறுக்கிப் பின்னுவதைச் சந்தேகியுங்கள். ஸ்பின்னிங் மில்லில் முடி மிஷினில் சிக்காமலிருக்க இழுத்துக் கட்டும் கொண்டையும், கனமான பூச்சரத்தைத் தினமும் ஒரே இடத்தில் குத்துவதும் வருடக்கணக்கில் வேரை இழுத்துவிடும். எரிச்சல், வலி, சிவப்பு இருந்து, முடித்துளையே தெரியாமல் தோல் பளபளத்தால் தழும்பு விழும் வகை. அதற்கு ஒரு மாதம்கூடத் தள்ளாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே போன வேர் திரும்பாது.

பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீரில் குளிப்பவர்கள் எல்லாப் பழியையும் உப்புத் தண்ணியின் மேல் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் ஒடிக்கும், வேரைத் தொடாது. விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு விழுந்தது. இரு நுனியும் வெறுமையாக இருந்தால் ஒடிந்தது. ஒடிவதுதான் பிரச்சினை என்றால் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊற்றி அலசுவதும், நுனிக்குக் கண்டிஷனர் போடுவதும் போதும்.

பெண்கள் மருந்து தொடங்கும் முன் ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பரு இருந்தால் பி.சி.ஓ.டி. கோணத்தில் ஹார்மோன் பரிசோதனையும் சேரும். ஆண்களுக்கு வடிவம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது; விளம்பரம் பார்த்துப் போகும் முன் அங்கே ஒரு ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம்.

மினாக்சிடில்: தடவுவதில்தான் எல்லாம்

ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. டி.எச்.டி.யை இது தொடுவதில்லை. வேரை வளரும் காலத்துக்குத் தள்ளி, அங்கேயே கூடுதல் காலம் நிறுத்துகிறது.

ஆண்களுக்கு 5% திரவம், ஒரு வேளைக்கு 1 மில்லி, காலை ஒன்று, இரவு ஒன்று. பெண்களுக்கு 2% திரவம் இருவேளை, அல்லது 5% நுரை ஒருவேளை. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக முளைக்காது, நெஞ்சு படபடப்புதான் மிஞ்சும். 60 மில்லி பாட்டில் சரியாக 30 நாள் வர வேண்டும். இரண்டு மாதம் வருகிறதென்றால் பாதி அளவுதான் தடவுகிறீர்கள் என்று பொருள். ‘எனக்கு வேலை செய்யலீங்க’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்பதுதான்.

தலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். சீப்பின் நுனியால் மெலிந்த இடத்தில் ஒரு வகிடு எடுங்கள். டிராப்பரைத் தோலுக்கு ஒட்டிப் பிடித்து நாலைந்து சொட்டு விட்டு, விரல் நுனியால் பரத்துங்கள். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. ஆண்கள் உச்சிக்குப் பாதி, முன்பக்கத்துக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். மருந்து தோலில் இறங்க வேண்டும், முடியில் வழிந்தால் வீண். உடனே கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நெற்றியில் வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி தடிக்கும். நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவி முடித்தால் தலையணையில் ஒட்டி முகத்துக்கு வராது. காலையில் காய்ந்த பிறகே ஹெல்மெட்.

எண்ணெய்தான் நம் பக்கத்துச் சிக்கல். எண்ணெய் தேய்த்த தலையில் மினாக்சிடில் தோலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. சனிக்கிழமை ஆண்களும் செவ்வாய், வெள்ளி பெண்களும் எண்ணெய் வைத்துக் குளிக்கும் வீடுகளில், அன்று அரப்போ சீயக்காயோ போட்டு எண்ணெய் போக அலசி, தலை காய்ந்த பிறகு மருந்து தடவுங்கள். அரப்புத் தூள் மண்டையில் தங்கினால் அரிக்கும், பிறகு அது மருந்தின் அலர்ஜி என்று குழப்பும். இரண்டு முறை அலசுங்கள். தினமும் எண்ணெய் வைக்காமல் இருக்க முடியாதவர்கள் மருந்து தடவி நாலு மணி நேரம் கழித்து முடியின் நீளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது, அவ்வளவுதான். பலர் பாட்டிலைத் தூக்கி எறிவது சரியாக இந்த வாரங்களில்தான். நாலு மாதத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஒரு வருடத்துக்கு முன்னால் தீர்ப்பும் சொல்லாதீர்கள். நிறுத்தினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் வந்ததெல்லாம் போய்விடும்.

அரிப்பும் செதிலும் வந்தால் திரவத்தில் உள்ள புரோபிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் காரணமாக இருக்கலாம்; நுரைக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகும். நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலையும் தலையணை உறையையும் தள்ளியே வையுங்கள், துளி நக்கினாலும் பூனையின் உயிருக்கு ஆபத்து.

கடையில் வாங்கும்போது பெட்டியில் சேர்மானத்தைப் படியுங்கள். பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அநேகமாக அதில் ஃபினாஸ்டரைடும் (அடுத்து வரும் மாத்திரை மருந்து) கலந்திருக்கும். கணவரின் அந்தப் பாட்டிலைக் கர்ப்பமாகும் வாய்ப்புள்ள மனைவி தடவிக்கொள்ளக் கூடாது.

மாத்திரைகள்

ஃபினாஸ்டரைடு 1 மி.கி., ஆண்களுக்கு, தினம் ஒன்று, 1997-லிருந்து வழுக்கைக்கு அனுமதி பெற்றது. டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் நொதியையே இது அடைப்பதால் ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 70% குறைகிறது. இரண்டு ஆண்டு ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 83% பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 28% பேருக்குத்தான் நின்றது. இருக்கிறதைக் காப்பதில் ஆண்களுக்கு இதைவிட நன்றாக ஆராயப்பட்ட மருந்து குறைவு. உச்சியில் நன்றாக நிற்கும், நெற்றி மூலையில் குறைவாக.

நூற்றில் சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது போன்றவை வரும். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிறது, சிலர் நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வும் வரலாம், தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-ல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மனம் சரியில்லை என்று பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்ப் பாருங்கள். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் அதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி கையால் தொடக் கூடாது, ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

கல்யாணப் பேச்சு எடுத்த பிறகுதான் பல வீடுகளில் பையன் தலையைப் பார்க்கிறார்கள். ஜாதகம் எடுத்து ஆறு மாதத்தில் முகூர்த்தம் என்றால் எந்த மருந்துக்கும் அது போதாது. போட்டோ எடுக்கும் தேதிக்கு ஒரு வருடம் முன்னாலாவது தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் நிறுத்துவதாக இருந்தால் தொடங்காமலே இருக்கலாம்.

பெண்களுக்கு மினாக்சிடில் போதாதபோது ஸ்பைரோனோலாக்டோன் கொடுப்பதுண்டு, பொதுவாக 50 முதல் 200 மி.கி. வரை. சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, ரத்த அழுத்தமும், தேவைப்பட்டவர்களுக்குப் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையும் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கிறது. தடவச் சோம்பல்படுகிறவர்களுக்கு வசதிதான், ஆனால் கால் வீக்கமும் முகத்தில் முடியும் அதில் கூடுதல். இதயக் கோளாறு உள்ளவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்து. பொடுகு இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நுரையை 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள்.

எண்ணெய், மொட்டை, சாப்பாடு

காங்கேயம் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் நல்ல எண்ணெய்தான். முடிக்குள் இறங்கி ஒடிவதைக் குறைக்கும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயச் சாறு எதைச் சேர்த்துக் காய்ச்சினாலும் டி.எச்.டி. அங்கே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மினுமினுப்புக்கு வையுங்கள், சொட்டைக்கு மருந்தாக நம்பி இரண்டு வருடம் இழக்காதீர்கள். லேபிள் இல்லாத ‘மூலிகை’ எண்ணெய் பத்து நாளில் முடி முளைக்கவைத்தது என்றால் எனக்கு உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும்.

பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்காது. கத்தி வெட்டிய நுனி மொண்ணையாக இருப்பதால் தடவும்போது அப்படித் தோன்றும், வேர் அதேதான். மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும், மெலிந்த இடத்தில் மெலிந்தே வளரும். மினாக்சிடில் தடவுபவர்கள் மொட்டைக்குப் பிறகு கத்திக்கீறல் ஆறும்வரை நிறுத்திவையுங்கள், கீறல் வழியாக மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும்.

சாப்பாட்டால் பரம்பரை வழுக்கை திரும்பாது, ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் அது வேகமாகத் தெரியும். ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் சுமார் ஒரு கிராம் புரதம் என்று கணக்கு வையுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம் வரும். 50 கிராம் கொள்ளில் 11 கிராம். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுப்பருப்பு கடைகிற வீட்டுக்கு இது புதுசில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத்தான் விட வேண்டும், அது இரும்பை உறிஞ்சவிடாது. ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

ஊசியும் நடவும்

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே சுற்றிப் பிரித்துத் தலையில் போடும் ஊசி. மாதம் ஒன்றாக மூன்று, பிறகு சில மாதத்துக்கு ஒன்று. சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு. லேசர் தொப்பிக்குக் காசு மிச்சமிருந்தால் பார்க்கலாம்.

நடவு என்பது பிடரியிலிருந்து வேரை எடுத்து முன்னால் வைப்பது. பிடரியில் இருப்பு அளவானது, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்திரண்டு வயதில் நெற்றியைத் தாழ்வாக வரைந்து எல்லாவற்றையும் நட்டுவிட்டால், முப்பத்தைந்தில் அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி போய், நட்ட வரிசை மட்டும் வேலிக்கால் மாதிரி தனியாக நிற்கும். நட்ட முடி இரண்டு, மூன்று வாரத்தில் உதிர்ந்து, மூன்றாம் நாலாம் மாதம் முளைத்து, ஒரு வருடத்தில்தான் முழுசாகத் தெரியும். நடவு செய்யும் இடத்துக்குப் போனால் கேளுங்கள்: வெட்டுவதும் துளையிடுவதும் டாக்டரா, டெக்னீஷியனா? எத்தனை வேர், பின்னால் எவ்வளவு மிச்சம்? மருந்து தொடர வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ‘தேவையில்லை’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற மருத்துவர்களிடம் சொல்ல வேண்டியவை

ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவருக்கு புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொல்லாவிட்டால் கோளாறு கண்ணுக்குத் தப்பிவிடும். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகாமல் ரத்த தானம் செய்யக் கூடாது. அதே வகையைச் சேர்ந்த டூட்டாஸ்டரைடு மாத்திரை என்றால் ஆறு மாதம். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்குகிறவர்கள், அதுவும் அதிக அளவில், தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பயோட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள், மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் பரிசோதனையையும் அது குழப்பும்.